தில்லிக் காசில் யார் பெயர்?



குதுப் மினாரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மினாரை ஒட்டிய குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் கிழக்கு வாசலில் ஒரு பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு இந்த மசூதி எழுந்தது என்றும், அந்தக் கோயில் ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் தில்லிவால் செலவாகியிருந்தது என்றும் அது சொல்கிறது. கோயில்கள் இடிக்கப்பட்ட செய்தியைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேசியாகிவிட்டது. அந்தச் செலவுக் கணக்கு எந்தக் காசில் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் கல்லில் வெட்டும்போது, தோற்றவர்களின் காசைக் கொண்டுதான் கணக்குச் சொல்கிறார்கள். தில்லிவால் என்பது தோமர, சௌகான் அரசர்களின் காலத்தில் இந்த நகரத்தில் புழங்கிய காசு. மூன்றரை கிராமுக்கு உட்பட்ட எடை. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். செம்பு கலந்த வெள்ளி. ஒரு பக்கம் படுத்திருக்கும் திமில் காளை, மறுபக்கம் ஈட்டி ஏந்திய குதிரை வீரன். இரண்டு பக்கமும் எழுத்து உண்டு. அந்த எழுத்தையும், அதற்கு மூலமான நல்ல வெள்ளிக் காசுகளின் எழுத்தையும் எப்படி இனங்கண்டு படிப்பது என்பதே இன்றைய பேச்சு. நான் நிறுவ விரும்புவது இதுதான்: காசின் மேல் ஒரு பெயர் தெளிவாகத் தெரிகிறது என்பதால், அதை அடித்தவன் அவன்தான் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பெயர் எந்த வேலைக்காக அங்கே நிற்கிறது என்று கேட்ட பிறகுதான் எழுத்து நமக்கு வரலாறு சொல்லத் தொடங்கும்.

மூலத்திலிருந்து தொடங்குவோம். காபூலிலும் காந்தாரத்திலும் ஆண்ட ஷாஹி அரசர்கள் அடித்த வெள்ளிக் காசுகளே காளை–குதிரை வீரன் வரிசைக்கு முன்னோடி. அவற்றில் காளையின் மேலே சாரதா எழுத்தின் பழைய வடிவத்தில் 'ஸ்ரீ ஸ்பலபதி தேவ' என்ற வாசகம் ஒரு வகையில் இருக்கும். 'ஸ்ரீ ஸாமந்த தேவ' என்பது இன்னொரு வகையில். ஸ்பலபதி காசுகளின் குதிரை வீரன் பக்கத்தில் பாக்திரிய எழுத்தின் சிதைந்த மிச்சமும் காணப்படும். வெட்டியவர்களுக்கே அது பொருள் விளங்காத கோடுகளாகிவிட்டிருக்க வேண்டும். இந்த வரிசை 8ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியதா, 9ஆம் நூற்றாண்டின் நடுவிலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் எழுத்துத் தெளிவின்மை அன்று. காசில் உள்ள சொற்கள் நன்றாகவே படிக்கக் கிடைக்கின்றன. சிக்கல், அந்தச் சொற்களை வேறு சான்றுகளோடு பொருத்தும்போது வருகிறது. பாரசீக அறிஞர் அல்பிரூனி தமது இந்திய நூலில் இந்த வமிசத்தின் பட்டியலைத் தருகிறார்: கல்லர், ஸாமந்த், கமலு, பீம், ஜயபால், ஆனந்தபால், திரிலோசனபால். பட்டியலின் தலைவனான கல்லரின் பெயரில் ஒரு காசும் இல்லை. காசில் உள்ள ஸ்பலபதியின் பெயர் பட்டியலில் இல்லை. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இந்தச் சொல்லை 'ஸ்யாலபதி' என்று படித்தார்கள். ஸகரத்தின் கீழ் இணைந்த பகரத்தை யகரமாகக் கொண்டதால் வந்த பிழை அது. பிறகு அந்த ஸ்யாலபதியே அரபு எழுத்தில் உருமாறிக் கல்லர் ஆகியிருக்கலாம் என்று ஒரு பாலம் கட்டினார்கள். எழுத்தைத் திருத்திப் படித்தபோது பாலம் விழுந்தது. ஸ்பலபதி என்பது படைத்தலைவன் என்ற பதவிப் பெயராக இருக்கலாம். ஸாமந்தனும் அப்படியே சிற்றரசன் என்ற பதவியைக் குறிக்கலாம். ஆளின் பெயரைத் தேடிப் போனவர்கள் பதவியின் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று சொல்ல இடமிருக்கிறது.

இதைவிடப் பெரிய செய்தி ஸாமந்தன் பெயரின் ஆயுள். ஷாஹி வமிசத்தின் பிற்கால அரசர்களான ஜயபாலன், ஆனந்தபாலன் ஆகியோருடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க வெள்ளிக் காசு நமக்குக் கிடைக்கவில்லை. ஸாமந்தன் பெயரில் அடித்த காசுகளோ ஏராளம். 1020களில் அந்த வமிசம் மண்ணோடு போயிற்று. அவர்களை ஒழித்த கஸ்னவிகள் லாகூரில் அடித்த காசில் ஒரு பக்கம் அரபு எழுத்தில் சுல்தானின் பெயர், மறுபக்கம் காளை, அதன் மேல் பழையபடி 'ஸ்ரீ ஸாமந்த தேவ'. பாக்தாதில் கலீபா அல்முக்ததிர் பெயரில்கூட இந்தக் காளையும் குதிரை வீரனும் பொறித்த வெள்ளி வில்லைகள் உண்டு; வடிவத்தின் புகழ் அவ்வளவு தூரம் போயிருந்தது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் தில்லித் தோமரர்கள் காசு அடித்தபோது குதிரை வீரன் பக்கத்தில் தங்கள் பெயரை வெட்டினார்கள். காளையின் பக்கத்தில் 'ஸ்ரீ ஸாமந்த தேவ' அப்படியே இருந்தது. சௌகான் சோமேசுவரனும் பிருதிவிராஜனும் அதன் முன்னே 'ஆஸாவரீ' என்ற சொல்லைச் சேர்த்தார்கள், ஸாமந்தனை எடுக்கவில்லை. குறைந்தது இருநூறு ஆண்டுகள், வெவ்வேறு மதத்தவர் நடத்திய அக்கசாலைகளில், காபூலிலிருந்து யமுனைக் கரை வரை, எவருக்கும் நேரடியாகத் தெரியாத ஒருவரின் பெயர் வெள்ளியில் பதிந்துகொண்டே இருந்தது. எப்போதோ மறைந்த தாத்தாவின் பெயரிலேயே பேரன் கடை நடத்துவதுபோல, அந்தப் பெயர் சரக்கின் தரத்துக்கு உத்தரவாதம். தில்லியில் கிடைத்த ஒரு காசில் 'ஸாமந்த தேவ' என்று படித்துவிட்டு, ஸாமந்தன் என்ற அரசன் தில்லியை ஆண்டான் என்று எழுதினால் அது எழுத்தறிந்தவரின் பிழை. எழுத்தே தெரியாதவருக்கு அந்தப் பிழை வராது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெயர் உண்மையைச் சொல்லாது என்றால், காசை வைத்து அரசியல் வரலாறு எழுதுவது எப்படி? கல்வெட்டும் நூலும் இல்லாத காலங்களுக்கு நாம் காசைத்தானே நம்பியிருக்கிறோம்? இந்த மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அதற்கு விடை நமக்கு மிக அருகிலுள்ள ஒரு காலத்திலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அடித்த சிக்கா ரூபாயில் தில்லியின் முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலமின் பெயர் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டிய ஆட்சியாண்டு 19 என்றே நிலைநிறுத்தப்பட்டது. மன்னர் 1806இல் மறைந்தார். அவர் பெயரில் கம்பெனி 1835 வரை ரூபாய் அடித்தது. அந்த ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு கல்கத்தாவை ஷா ஆலம் ஆண்டார் என்று ஒருவர் எழுதினால் தவறு. அதே ரூபாயை வைத்துக்கொண்டு, ஆட்சி கைமாறிய பிறகும் காசின் பெயரை மாற்றக் கம்பெனி துணியவில்லை, சந்தை பழைய பெயரையே கேட்டது என்று எழுதினால் அது வலுவான வரலாறு. தென்னாட்டிலும் இதற்கு இணை உண்டு. ராஜராஜ சோழனின் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையடியில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. சோழர்களை ஈழத்திலிருந்து விரட்டிய பிறகு சிங்கள அரசர்கள் அந்த இரண்டு உருவங்களையும் நாகரி எழுத்தையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பராக்கிரமபாகு என்றும் விஜயபாகு என்றும் மாற்றினார்கள். தமிழ் மன்னன் காசில் நாகரி. அவன் எதிரியின் காசிலும் அதே நாகரி. எழுத்தின் வகை பார்த்து அரசனின் மொழியையோ, உருவம் பார்த்து அவன் அரசியலையோ உடனே முடிவு செய்ய முடியாது என்பது இதனால் தெரியும். மாறாமல் நிற்பது எது, மாறுவது எது என்று பிரித்துப் பார்ப்பவருக்குக் காசு நிறையவே சொல்லும். தோமரர் காசில் காளைப் பக்கம் நின்றுபோன பக்கம். குதிரைப் பக்கம் உயிருள்ள பக்கம். அரசியல் செய்தியைத் தேட வேண்டிய இடம் இரண்டாவது.

அந்த உயிருள்ள பக்கத்தைப் படிப்பது எளிதில்லை. அச்சின் வட்டம் பெரியது. அதில் வைத்து அடித்த வில்லை சிறியது. ஆகவே ஒரு காசில் வாசகம் முழுவதும் விழுவது அபூர்வம். குதிரையின் முன்னே 'ஸ்ரீ' விழும். பெயரின் நடுப்பகுதி விழும். கடைசி எழுத்துகள் வில்லைக்கு வெளியே போய்விடும். இன்னொரு காசில் முன்பகுதி அறுந்து பின்பகுதி நிற்கும். பல காசுகளை அடுக்கி வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் பார்த்துத்தான் முழு வாசகத்தை மீட்க வேண்டும். 1830களில் கல்கத்தாவிலிருந்து ஜேம்ஸ் பிரின்செப் இந்தக் காசுகளின் வரைபடங்களை வெளியிட்டதும், பின்னர் எட்வர்ட் தாமஸ் 1871இல் தில்லிச் சுல்தான்களைப் பற்றிய நூலிலும் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் மறைந்த பின் 1894இல் வந்த இடைக்கால இந்தியக் காசுகள் பற்றிய நூலிலும் பட்டியல்களை விரித்ததும் இப்படி அடுக்கிப் பார்த்துத்தான். அந்தக் கால நாகரியில் பகரமும் மகரமும் ஸகரமும் ஒரு கோட்டின் வளைவில் வேறுபடுபவை. காசு தேய்ந்தால் முதலில் போவது அந்த வளைவுதான். உயிர்க்குறிகள் பெரும்பாலும் காசின் விளிம்புக்கு மேலே போய்விடும். அதனால் எழுத்தை எழுத்தாக மட்டும் பார்க்காமல், அது விழுந்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காளைக்கு மேலே உள்ளது நின்றுபோன வாசகம் என்று தெரிந்திருந்தால், அங்கே இரண்டு எழுத்து மட்டும் கிடைத்தாலும் மீதியை ஊகிக்கலாம். குதிரைக்கு வலப்புறம் அந்தச் சலுகை கிடையாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத எழுத்தை நிரப்புகிறவர் தாம் முன்பே நம்பியதைத்தான் நிரப்புவார்.

எழுத்தைச் சரியாகப் படித்தும் ஆளைத் தவறவிட முடியும் என்பதற்குத் தில்லியிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மதனபாலன். 'ஸ்ரீ மதனபால தேவ' என்று குதிரைப் பக்கத்தில் உள்ள காசுகளைக் கன்னிங்ஹாம் பிழையின்றிப் படித்தார். கன்னோசியில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட காஹடவால அரசன் மதனபாலன் கல்வெட்டுகளால் நன்கு அறியப்பட்டவன். ஆகவே காசு அவனுக்குப் போயிற்று. ஆனால் காஹடவாலர் வழக்கம் வேறு. மதனபாலனின் மகன் கோவிந்தசந்திரன் அடித்தது அமர்ந்த லட்சுமி உருவம் கொண்ட மட்டப் பொன் காசு. காளையும் குதிரை வீரனும் கன்னோசிக்கு அந்நியம், தில்லிக்கு உரியவை. வடிவத்தை எழுத்துக்கு முன்னே வைத்துப் பார்த்திருந்தால் இந்த ஐயம் அன்றே எழுந்திருக்கும். பிறகு வேறு இரண்டு சான்றுகள் வந்து சேர்ந்தன. சுவேதாம்பர ஜைனர்களின் கரதரகச்ச ஆசாரியர் வரலாறு, மணிதாரி ஜினசந்திர சூரி என்ற துறவி விக்கிரம ஆண்டு 1223இல், அதாவது கி.பி. 1166இல் தில்லிக்கு வந்து இங்கேயே மறைந்தார் என்றும், அப்போது இங்கே ஆண்டவன் மதனபாலன் என்றும் கூறுகிறது. மெஹ்ரௌலியில் உள்ள தாதாபாடி அவர் நினைவிடம். இன்னொரு சான்று அதைவிட அருமையானது: தில்லி அக்கசாலையில் பணியாற்றிய டக்குர பேரு என்பவர் 1318இல் எழுதிய 'திரவிய பரீட்சை'.

இந்த நூலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பேரு ஜைனர், அலாவுதீன் கில்ஜியின் கருவூலத்தில் இருந்தவர், அலாவுதீனின் மகன் குத்புதீன் முபாரக் ஷா ஆண்டபோது, அக்கசாலை அனுபவத்தைக் கொண்டு இந்தச் சிறு நூலைப் பிராகிருத–அபப்பிரம்சச் செய்யுளில் எழுதினார். வெள்ளியைப் புடமிட்டுச் சுத்தம் செய்வது, மாற்றுப் பார்ப்பது, பிறகு கைக்கு வரும் பழங்காசுகளில் எதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது, அதற்கு என்ன விலை தரலாம் என்பதே நூலின் பொருள். அச்சில் அது 1961இல்தான் வெளிவந்தது. கன்னிங்ஹாமின் கைக்கு அது எட்டவில்லை. தோமர அரசர்களின் காசுகள் என்ற வரிசையில் பேரு நான்கைச் சொல்கிறார்: அனங்கபலாஹே, மதனபலாஹே, பிதௌபலாஹே, சாஹடபலாஹே. தில்லி அக்கசாலையின் ஆளே மதனபாலன் காசு தில்லித் தோமரருடையது என்று சாட்சி சொல்லிவிட்ட பிறகு, கன்னோசிக்கு அதில் உரிமை இல்லை. இன்று பெரும்பாலான காசறிஞர்கள் அதைத் தில்லிக்கே தருகிறார்கள். இந்த மாற்றம் வெறும் பெயர் மாற்றமாக நிற்கவில்லை. 1164இல் விக்ரஹராஜ சௌகான் தன் வெற்றியை இப்போது பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணில் வெட்டினான். 1170ஆம் ஆண்டின் பிஜோலியாக் கல்வெட்டு சௌகான்கள் தில்லியைப் பிடித்ததைப் பேசுகிறது. அப்படியிருந்தும் 1166இல் ஒரு தோமரன் தில்லியில் அரசனாக இருக்கிறான், தன் பெயரில் காசு அடிக்கிறான் என்றால், சௌகான் வெற்றி தில்லி அரசரை அகற்றிய வெற்றியாக இருந்திருக்க முடியாது. அடங்கி ஆளவிட்ட வெற்றி என்று கொள்வதே பொருந்தும். கல்வெட்டுகள் மறைத்ததை ஒரு சிறு கலப்பு வெள்ளிக் காசு வெளியே கொண்டுவந்தது. ஆனால் தனியாக நின்று அல்ல. வடிவமும் அக்கசாலை நூலும் துறவியின் வரலாறும் துணை நின்றபோதுதான் அது பேசியது. பேருவின் பட்டியலில் வரும் பிதௌ தோமரப் பிருதிவியா சௌகான் பிருதிவிராஜனா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. வில்லைக்கு வெளியே விழுந்துவிட்ட கடைசி எழுத்துகளின் மதிப்பு இத்தகைய இடங்களில்தான் புரியும்.

என் வாதத்துக்கு எதிராக யாராவது ஒரு காசைக் காட்ட விரும்பினால், மஹ்மூது கஸ்னவியின் லாகூர் வெள்ளிக் காசைக் காட்டலாம். அது நின்றுபோன வாசகமே அன்று. ஹிஜ்ரி 418, 419 என்ற ஆண்டுகள், அதாவது கி.பி. 1027, 1028 அளவில், மஹ்மூத்பூர் என்று பெயர் சூட்டப்பட்ட லாகூரில் அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் அரபு எழுத்தில் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவும் சுல்தானின் பட்டங்களும். விளிம்பில் இந்தத் 'திர்ஹம்' இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற குறிப்பு. மறுபக்கம் சாரதா எழுத்தில் சமஸ்கிருதம்: 'அவ்யக்தம் ஏகம், முஹம்மத அவதார, ந்ருபதி மஹமூத'. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றே மெய்ப்பொருள், முஹம்மது அதன் அவதாரம், மஹ்மூது அரசன் என்பது கருத்து. அதன் விளிம்பு வாசகம், அரபுப் பக்கம் திர்ஹம் என்று சொன்ன அதே காசை 'டங்கம்' என்று சொல்கிறது. அந்த விளிம்பு வாசகத்தில் ஹிஜ்ரி ஆண்டைக் குறிக்கும் சொல்லை அறிஞர்கள் வெவ்வேறு விதமாகப் படிக்கிறார்கள். சோமநாதத்தைக் கொள்ளையிட்டு இரண்டு ஆண்டுகள்கூட முடியாத நேரத்தில், கலிமாவைச் சமஸ்கிருதத்தில் சொல்ல ஒரு பண்டிதரை உட்கார வைத்த ஆட்சி அது. இதைப் படித்த பலர் மஹ்மூதின் மனம் பற்றி முடிவு கட்டினார்கள்; சிலர் அவனைச் சமரசவாதி என்றார்கள், சிலர் இதை மதம் பரப்பும் தந்திரம் என்றார்கள். வாசகத்தை இயற்றியவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பது காசில் இல்லை. மனத்தைப் பற்றிய முடிவுக்கு அது ஆதாரமாகாது. காசு சொல்லும் உறுதியான செய்தி வேறு. பொருள் நிறைந்த, புதிதாக இயற்றிய இந்த வாசகம் இரண்டு ஆண்டுக் குறிப்புகளோடு நின்றுவிடுகிறது. அவன் வாரிசுகள் லாகூரில் காளைக்கும் ஸாமந்தனுக்கும் திரும்பினார்கள். கலப்பு வெள்ளியில் அடித்த பழைய பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பை, நல்ல வெள்ளியில் அடித்த புதிய தத்துவத்தால் பெற முடியவில்லை என்றே நான் கருதுகிறேன். எதிர்ச் சான்றாக வந்த காசு என் பக்கத்துக்கே சாட்சியாகிறது.

இனி 1192க்கு வருவோம். பிருதிவிராஜன் கோரி முஹம்மதிடம் தோற்ற தராயின் போருக்குப் பிறகு தில்லிக் காசில் முதல்முறையாக ஸாமந்தன் பெயர் இறங்குகிறது. காளையின் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ மஹமத ஸாம'. குதிரைப் பக்கத்தில் 'ஸ்ரீ ஹமீர'. முஹம்மது பின் ஸாம், அதாவது கோரி முஹம்மதின் பெயர் அது. ஹமீர என்பது அமீர். இந்த வரிசையை ஒட்டி ஒரு காசு கிடைத்திருக்கிறது: ஒரு பக்கம் 'ஸ்ரீ பிருதிவிராஜ தேவ', மறுபக்கம் 'ஸ்ரீ மஹமத ஸாம'. இதைக் கண்டதும் தோற்ற பிருதிவிராஜனைக் கோரி சிற்றரசனாக வைத்திருந்தான் என்று ஒரு தரப்பு முடிவு செய்தது. ஹசன் நிஜாமியின் பாரசீக வரலாற்று நூலான தாஜுல் மஆஸிர், பிடிபட்ட மன்னன் உடனே கொல்லப்படவில்லை, சதி செய்தான் என்று பின்னர் கொல்லப்பட்டான் என்று சொல்வதால் இந்தக் கருத்துக்குத் துணையும் உண்டு. அப்படி நடந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. காசு மட்டும் அதை நிரூபிக்காது என்கிறேன். பிருதிவிராஜன் காசில் அவன் பெயர் குதிரைப் பக்கத்தில். கோரி காசில் அவன் பெயர் காளைப் பக்கத்தில். அக்கசாலையில் பழைய குதிரை அச்சு தேயாமல் கிடக்க, புதிய காளை அச்சு வந்து சேர்ந்த நாட்களில், இரண்டையும் சேர்த்து அடித்தால் சரியாக இந்தக் காசுதான் கிடைக்கும். உடன்படிக்கையின் சின்னமா, அச்சுகள் கலந்த விளைவா என்று தீர்மானிக்க ஒரு வழி உண்டு. அதே குதிரை அச்சு பிருதிவிராஜனின் சாதாரணக் காசிலும், அதே காளை அச்சு ஹமீர காசிலும் வந்திருக்கிறதா என்று அச்சுக்கு அச்சு ஒப்பிட வேண்டும். இரு பெயரும் சேர்ந்து வருவதற்கென்றே தனி அச்சுகள் வெட்டப்பட்டிருந்தால் உடன்படிக்கை வாதம் வலுப்பெறும். இந்தச் சோதனைக்கு முன்னால் வரும் தீர்ப்பு எதுவானாலும் அது விருப்பமே தவிர முடிவாகாது.

கோரி காளையையும் நாகரியையும் வைத்துக்கொண்டதை மதச் சகிப்பு என்று போற்றுவோரும், லட்சுமி உருவத்தோடு அவன் அடித்த பொற்காசைக் காட்டி வியப்போரும் இருக்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது அக்கசாலையின் தொடர்ச்சி. அச்சு வெட்டிய கைகள் அவையே. காசு மாற்றும் கடைகளும் அவையே. அதற்கு வலுவான சான்று அதன் பின் வந்த பல ஆண்டுகளில் இருக்கிறது. தில்லிச் சுல்தான் இல்துத்மிஷ் தன் பெயரை நாகரியில் 'சுரிதாண ஸ்ரீ சமசதின' என்று வெட்டினான். குதிரை வீரனோடு 'ஸ்ரீ ஹமீர' தொடர்ந்தது. அடுத்து வந்தவர்களும் அதை விடவில்லை. சுல்தான்கள் மாற மாற ஹமீர மாறாமல் நின்றது. ஸாமந்தன் காலி செய்த இடத்தில் ஹமீர வந்து உட்கார்ந்துகொண்டான் என்றே சொல்லலாம். பால்பன் காலத்தில்தான் குதிரை வீரன் மறைந்தான். அப்போதும் அரபு எழுத்தில் 'பல்பன்' என்ற சொல்லைச் சுற்றி நாகரியில் 'ஸ்ரீ சுலதான் கயாசுதீன்' ஓடியது. ஹமீர என்பது கலீபாவைக் குறிக்கிறதா சுல்தானைக் குறிக்கிறதா என்று தாமஸ் காலம் தொட்டு நடக்கும் வாதத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால், முதல் காசுக்கு அந்தக் கேள்வி பொருந்தும், முப்பது ஆண்டு கழித்து வந்த காசுக்குப் பொருந்தாது. அதற்குள் அது யாரையும் குறிக்காத, தில்லிக் காசு என்பதை மட்டும் குறிக்கிற சொல்லாகிவிட்டது.

கடைசியாக ஒரு மறுப்பு. அந்தக் காலத்தில் காசு வாங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? படிக்கவே தெரியாதவர் கையில் புழங்கிய காசில் பெயரைப் பற்றி இவ்வளவு ஆராய்வது வீண் அன்றோ? சாதாரண மக்கள் உருவத்தைப் பார்த்தே வாங்கினார்கள் என்பது உண்மை. அதனால்தான் காளையும் குதிரையும் நீடித்தன. அதனால்தான் மேற்கிந்தியாவின் கதையா காசுகளில் சாசானிய மன்னனின் முகம் வெறும் கோடும் புள்ளியுமாகத் தேய்ந்த பிறகும் வெள்ளி புழங்கியது. ஆனால் எல்லாரும் அப்படி வாங்கவில்லை. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்ற சொல் வருகிறது. காசின் மாற்றைப் பார்க்கும் தொழில் அது. அந்தத் தொழிலின் தில்லி வாரிசு பேரு. அவர் நூலில் காசுகள் அரசன் பெயரால் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளி அளவு தரப்படுகிறது. அனங்கபாலன் காசும் மதனபாலன் காசும் கண்ணுக்கு ஒரே மாதிரி. உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றல்ல. வேற்றுமையைச் சொல்லிக் கொடுப்பது குதிரைப் பக்கத்துப் பெயர் மட்டுமே. பேரு அரச வரலாறு அறிவதற்காகப் பெயரைப் படிக்கவில்லை. விலை சொல்வதற்காகப் படித்தார். ஆகவே ஒரு காசுக்கு இரண்டு விதமான வாசகர்கள் இருந்தார்கள்: காளையைப் பார்த்து ஏற்றுக்கொண்ட கூட்டம், குதிரைப் பக்கத்தைப் படித்து விலை மதித்த சிலர். ஒரு பக்கம் நின்றுபோனதும் மறுபக்கம் மாறிக்கொண்டே இருந்ததும் இந்த இரு வாசகர்களால்தான் என்பது என் முடிவு. இன்று காசைப் படிக்கிறவர் இரண்டாவது வகையினரின் கண்ணோடு படிக்க வேண்டும். எடையையும் உலோகத்தையும் பார்க்காமல் எழுத்தைப் படிப்பது பாதிப் படிப்பு.

தில்லியிலும் அரியானாவிலும் நிலம் தோண்டும்போது இத்தகைய காசுகள் இன்னும் பானையோடு கிடைக்கின்றன. அவற்றை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் புளியோ எலுமிச்சையோ அமிலமோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். மேலே படிந்த கருமையோடு எழுத்தின் வளைவுகளும் போய்விடுகின்றன. அதைவிடக் கெடுதல், ஒரு பானைக் காசுகளைப் பத்துப் பேருக்குப் பிரித்து விற்பது. வில்லைக்கு வெளியே போன எழுத்தை மீட்டுத் தரக்கூடிய உடன்பிறந்த காசு அந்தப் பானையில்தான் இருந்திருக்கும். அச்சுக்கு அச்சு ஒப்பிடுவதும் அங்கேதான் முடியும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ அப்படி ஒன்று கிடைத்தால், தேய்க்காதீர்கள், பிரிக்காதீர்கள்; கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இருபக்கமும் படம் எடுத்து, எடையை எழுதி, உரிய அலுவலரிடம் பானையோடு ஒப்படையுங்கள்.